தொண்டைக்குள் ஒரு ‘ம்க்கும்’

பென்சிலைக் குறுக்கே வைத்துப் பல்லால் கடித்துக்கொண்டு, கண்ணாடி முன்னால் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள் திருகாணி. அதைச் சிரிப்பு என்று சொன்னவர் மாமா ஒருவர்தான். வேறு யாராவது பார்த்திருந்தால் பல் டாக்டர் விலாசம் எழுதிக் கொடுத்திருப்பார்கள்.

"சூப்பர்! இன்னும் கொஞ்சம். கண்ணும் சிரிக்கணும்!"

"அப்போ கண்ணுக்கும் ஒரு பென்சிலைக் குத்தி விடுடா. ஒரேயடியா முடிஞ்சுது" என்றாள் அம்மா, இஸ்திரி மேஜையிலிருந்து தலையைத் தூக்காமல்.

"அக்கா, இது சயின்ஸ். பென்சிலைக் கடிச்சா முகத்துத் தசை சிரிப்புக்குப் பழகிடும்."

அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அப்படியே மூடிக்கொண்டாள். தொண்டை மட்டும் ஒருமுறை ஏறி இறங்கியது. வாக்குக் கொடுத்திருக்கிறாளே! மகளின் இன்டர்வியூ முடிகிற வரைக்கும் இந்த வீட்டில் யாரும் ‘ம்க்கும்’ சொல்லக் கூடாது. மாமா போட்ட சட்டம்.

வாரா வாரம் இந்தக் குடும்பத்தோடு புழங்கி வருகிறவர்களுக்கு அந்த ‘ம்க்கும்’ பழகியிருக்கும். இன்றைக்குத்தான் வந்து உட்கார்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. சொத்து என்று சொல்லிக்கொள்ள இவர்களுக்கு வீடும் இல்லை, நிலமும் இல்லை. தாய் வழியில் வந்த ஒரே ஆஸ்தி இதுதான். உதடு பிரியாது. தொண்டையில் கிளம்பி மூக்கு வழியாக வெளியே வரும். வரும்போதே தாடை தோள்பட்டைப் பக்கம் லேசாக வெட்டிக்கொள்ளும். ‘உன் லட்சணம் எனக்குத் தெரியும், போய் வேலையைப் பார்’ என்று விலாவாரியாகப் பேச வேண்டியதை ஒரே மூச்சில் முடித்துவிடும். ஹோட்டல் லாண்டரியில் அம்மா வேலை பார்க்கிறாள். அங்கே மேனேஜர் என்று ஒருவன் இருக்கிறான். இவள் தேய்க்கிற மேஜைப் பக்கம் வராமல் அவன் சுற்றிக்கொண்டுதான் போவான்.

மகளுக்கு அது அப்படியே வந்திருக்கிறது. கையில் கிடைத்ததை எல்லாம் கழற்றிப் பார்ப்பாள் என்பதால் சின்ன வயதிலேயே திருகாணி என்று பெயர் விழுந்தது. தொழிற்பள்ளியில் படித்து முடித்தும் கழற்றுகிற புத்தி போகவில்லை. மாட்டவும் கற்றுக்கொண்டாள், அவ்வளவுதான். ஆனால் போன மாதம் மோட்டார் கம்பெனியில் என்ன ஆயிற்று? கேள்வி கேட்ட பெரிய மனுஷர் ஏதோ அரைகுறையாகச் சொன்னார். இவளுக்கு வந்துவிட்டது. "ம்க்கும்." அவரும் பேனாவை மூடிவிட்டார்.

இப்போது லிஃப்ட் கம்பெனி. பயிற்சியாளராகச் சேர்த்துக்கொண்டு, வேலையும் கற்றுக்கொடுத்து, பிறகு நிரந்தரமும் ஆக்குவார்கள். இதுவும் போனால் அடுத்த மாதம் அத்தையின் பார்லர். லாரியோடு வெளியூரில் இருக்கும் அப்பா தங்கைக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். வாசலில் உட்கார்ந்து, "உள்ள வாங்க மேடம், ஃபேஷியலா, த்ரெடிங்கா?" என்று கேட்க வேண்டும். ஸ்பேனர் பிடித்தவள் அடுத்தவர் புருவத்தைப் பற்றி விசாரிப்பதா?

"எங்க, மூணு ‘ப’ சொல்லு பார்க்கலாம்" என்றார் மாமா.

பென்சிலைத் துப்பினாள். "பணிவு, பல்வரிசை, பாசிட்டிவ்."

"யாராவது தப்பா சொன்னா?"

"சிரிக்கணும்."

"ரொம்பத் தப்பா சொன்னா?"

"ரொம்பச் சிரிக்கணும்."

"மறுத்து ஒரு வார்த்தை?"

"வரக் கூடாது."

மாமா விற்பது ஜெராக்ஸ் மெஷின். எப்போதோ ஒரு தடவை, நாற்காலி போட்ட ஹாலில், திரையில் படம் காட்டிப் பேசினார். அன்றிலிருந்து பிரசன்டேஷன் மாமா. குழாய் ஒழுகினால்கூட அதற்கு மூன்று காரணம், மூன்று தீர்வு என்று பேசுவார். குழாய் ஒழுகிக்கொண்டே இருக்கும். பெற்றவர்கள் போன பிறகு அக்கா தூக்கி வளர்த்த தம்பி. மாடி அறையில் இருக்கிறார், சாப்பாடு கீழே. மெச்சி ஒரு வார்த்தை அக்காவிடமிருந்து இதுவரை வாங்கியதில்லை.

"என்னடா, கழுத்து மொட்டையா இருக்கு?" என்றாள் அம்மா. "உன் டை எங்க?"

மாமாவுக்கு டை என்றால் ஒன்றே ஒன்று. கருஞ்சிவப்பில் மஞ்சள் மஞ்சளாக நங்கூரம் போட்டது. ஆயுசில் கப்பல் பார்த்திராத மனுஷனுக்கு எதற்கு நங்கூரம் என்று திருகாணி கேட்காத நாளில்லை. வேலைக்கும் அதுதான், கல்யாணத்துக்கும் அதுதான், காய்கறி வாங்கப் போனாலும் அதுதான்.

"அதுவா... லாண்டரிக்குப் போட்டிருக்கேன்."

"லாண்டரிக்கா? ஊர் அழுக்கெல்லாம் நான்தானே வெளுத்துக்கிட்டிருக்கேன். எனக்குத் தெரியாம எந்த லாண்டரி?"

"ஆபீஸ் பக்கத்துல புதுசா ஒண்ணு. சரி சரி, நேரமாச்சு, கிளம்புங்க!"

மூன்று நாளாகவே மாமா மாலையில் தாமதமாகத்தான் வருகிறார். கேட்டால் ட்ரெய்னிங் என்கிறார். யார் யாருக்குக் கொடுக்கிற ட்ரெய்னிங் என்று அம்மா கேட்டதும் மாமா பேச்சை மாற்றிவிட்டார். திருகாணி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பேச ஆள் கிடைத்தால் மாமா எங்கேயும் நின்றுவிடுவார்.

அம்மா தேய்த்த சட்டையை நீட்டினாள். காலர் தகடு மாதிரி நின்றது. "போட்டுக்கோ. கையைக் காலை வெச்சுக்கிட்டுச் சும்மா இரு. வாயுள்ள பிள்ளை பிழைக்கும்னு சொல்வாங்க. உனக்கு வாய்தான் எமன்."

"யாருகிட்ட இருந்து வந்துச்சாம்?"

அம்மாவின் தொண்டை மறுபடியும் ஏறி இறங்கியது. பாவம்.

*

லிஃப்ட் கம்பெனியின் பயிற்சிக் கூடம் பெரிய கொட்டகை. உள்ளே கால் வைத்ததும் கிரீஸ் வாசனை. திருகாணிக்கு வயிறு நிறைந்த மாதிரி இருந்தது. சுவரோரம் வரிசையாக லிஃப்ட் கதவுகள் நின்றன. பின்னால் லிஃப்ட் கிடையாது, கதவு மட்டும். மாப்பிள்ளையே இல்லாமல் ஜோடித்து வைத்த வண்டி மாதிரி.

அம்மாவும் மாமாவும் வாசல் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். மாமா கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். பிறகு இரண்டு விரலால் வாய் ஓரத்தை இழுத்துக் காட்டினார். பல்வரிசையாம்.

காலையில் கை வேலை. கழற்றிப் போட்டிருந்த ஒரு கதவுப் பூட்டை மாட்ட வேண்டும். அவள் மாட்டிவிட்டு, நாக்கு சரியாக விழுகிறதா என்று இரண்டு தடவை தட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தபோது பக்கத்து மேஜைக்காரன் இன்னும் ஸ்க்ரூவைத் தரையில் தேடிக்கொண்டிருந்தான். நரைத்த முடியில் கண்ணாடியைத் தூக்கிச் செருகியிருந்த ஒரு அம்மாள் வந்து பூட்டை இழுத்துப் பார்த்தார். இரண்டாம் தடவை இழுத்துப் பார்க்கவில்லை. அந்தக் கண்ணாடிக்காரம்மாதான் இங்கே சர்வீஸ் பிரிவுக்குத் தலைவி என்று யாரோ கிசுகிசுத்தார்கள்.

அடுத்தது குழு வேலை. நாலு நாலு பேராகப் பிரித்தார்கள். இவளோடு ஒரு நெட்டைப் பெண், எதற்கெடுத்தாலும் "கரெக்ட்" என்று சொல்கிற ஒருவன், அப்புறம் இன்னொருவன்.

அந்த இன்னொருவனின் கழுத்தைப் பார்த்ததும் திருகாணிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கருஞ்சிவப்பு டை. மஞ்சள் நங்கூரம். அடக் கடவுளே, இந்த அசிங்கத்தையும் காசு கொடுத்து வாங்க ஊரில் இரண்டாவதாக ஒருத்தன் இருக்கிறானா! மாமாவிடம் சொன்னால் பூரித்துப்போவார். மனதுக்குள் அவனுக்கு நங்கூரம் என்று பெயர் வைத்துவிட்டாள்.

மேஜைமேல் ஒரு மரச் சட்டம், கயிறு, ஒரு கப்பி, ஒரு டப்பா, எதிர் எடைக்குச் சில இரும்புத் துண்டுகள். டப்பாவுக்குள் ஒரு முட்டை. டப்பா மேலே போக வேண்டும், கையை எடுத்தாலும் அங்கேயே நிற்க வேண்டும். முட்டை உடையக் கூடாது. கண்ணாடிக்காரம்மாவும் இன்னும் இரண்டு பேரும் சுற்றி நின்று குறிப்பு எடுத்தார்கள்.

"முதல்ல ஒருத்தரை ஒருத்தர் அறிமுகப்படுத்திக்கலாம்" என்று ஆரம்பித்தான் நங்கூரம். "நான் எப்பவும் மூணு ‘ப’வை நம்பறவன். பணிவு, பல்வரிசை, பாசிட்டிவ்."

"கரெக்ட்" என்றான் கரெக்ட்.

திருகாணியின் கை கயிற்றிலேயே நின்றுவிட்டது. மூணு ‘ப’வா? அது மாமாவின் சொந்தச் சரக்கு ஆயிற்றே. பல்வரிசை என்கிற கூத்து உலகத்தில் வேறு எந்த மூளையிலும் உதித்திருக்க முடியாது. ஒருவேளை அந்த ஹாலில் மாமா பேசியதை இவனும் கேட்டிருப்பானோ?

யோசிக்க நேரமில்லை. நங்கூரம் அதற்குள் கப்பியை எடுத்துச் சட்டத்தில் மாட்ட ஆரம்பித்துவிட்டான். மாட்டிய அழகைப் பார்க்க வேண்டுமே! கப்பி ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. கயிறு பள்ளத்தில் உட்காராமல் விளிம்பில் ஏறிக்கொண்டிருந்தது. பாரம் ஏறியதும் நழுவும். அது ஜோசியம் இல்லை, கண் இருக்கிற யாருக்கும் தெரியும்.

"இப்படி இருந்தாத்தான் ஃப்ரெண்ட்ஸ், ஒரு ஸ்டைலா இருக்கும்" என்றான் நங்கூரம். சொல்லிவிட்டு நேராக இவள் முகத்தைப் பார்த்தான். "என்ன சொல்றீங்க? உங்களுக்கு ஓகேதானே?"

வந்துவிட்டது. அடிவயிற்றிலிருந்து கிளம்பித் தொண்டைக்கு ஏறிவிட்டது. தாடைகூட வெட்டிக்கொள்ளத் தயாராகிவிட்டது. மோட்டார் கம்பெனிக்காரர் பேனாவை மூடிய சத்தம் காதில் கேட்டது. அத்தையின் பார்லர் நாற்காலி கண் முன்னால் வந்தது. திருகாணி அந்த ‘ம்க்கும்’மை முழுசாக விழுங்கினாள். இல்லாத பென்சிலைக் கடித்தாள்.

"ரொம்ப நல்லா இருக்கு" என்றாள், பல்லெல்லாம் தெரிய.

"நிஜமாவா?" என்றான் அவன். விடமாட்டான் போலிருக்கிறது. "ஏதாவது குறை தோணினா சொல்லுங்க. மனசுல வெச்சுக்காதீங்க."

"சேச்சே. சூப்பர்."

நெட்டைப் பெண் கயிற்றை இழுத்தாள். டப்பா ஏறியது. கொஞ்ச தூரம் நல்ல பிள்ளையாக ஏறியது. பிறகு கயிறு விளிம்பைத் தாண்டி வழுக்க, டப்பா ‘தொம்’மென்று மேஜையில் விழுந்து கவிழ்ந்தது. முட்டை சிதறி நங்கூரத்தின் சட்டையில் பாதி, மேஜையில் பாதி.

"கரெக்ட்" என்றான் கரெக்ட், பழக்க தோஷத்தில்.

மூன்று பேனாக்களும் எழுதின. கண்ணாடிக்காரம்மா எழுதும்போது கப்பியைப் பார்க்கவில்லை. திருகாணியைப் பார்த்தார்.

கை கழுவும் இடத்தில் நங்கூரம் டையைத் தூக்கிப் பிடித்துத் துடைத்துக்கொண்டிருந்தான். பக்கத்துக் குழாயைத் திறந்தாள் திருகாணி. அவன் சுவர்க் கண்ணாடியில் அவளைப் பார்த்துச் சிரித்தான்.

"என்னங்க, வேணும்னே கோணலா மாட்டியும் ஒரு ‘ம்க்கும்’கூட வரலியே? கட்டாயம் வரும், வந்தா நீங்க அவுட்டுன்னுல்ல சொன்னாங்க?"

தண்ணீர் கைமேல் ஓடிக்கொண்டே இருந்தது. அவள் பார்வை அவன் கையிலிருந்த டையின் நுனிக்குப் போனது. நுனியில் பழுப்பாக ஒரு தழும்பு. கூரை மாதிரி முக்கோணம். இஸ்திரிப்பெட்டியின் மூக்கு. போன வருஷம் மாமாவின் வாயைக் கவனித்துக்கொண்டே தேய்த்தபோது அம்மா சுட்டுவிட்ட இடம். "உன் பேச்சுக்கு டையே கருகுது பாரு" என்று அன்றைக்கு அம்மா சொன்னது இவளுக்கு இன்னும் மறக்கவில்லை.

"யார் சொன்னாங்க?" என்று கேட்டாள்.

"எங்க அப்பா ஆபீஸ்ல அவருக்குக் கீழ வேலை செய்யறவர் ஒருத்தர். மூணு நாளா வீட்டுக்கே வந்து சொல்லிக் கொடுத்தார். இந்த டைகூட அவரோடதுதான், ராசியான டையாம்." அவன் டையைப் பிழிந்தான். "உங்க போட்டோவைக் காட்டி, நீங்க அவரோட சொந்தம்னு சொன்னார். நல்ல மனுஷன்."

நல்ல மனுஷன்!

சின்ன வயதிலிருந்து அந்த ஆளைப் பார்த்து எத்தனை ‘ம்க்கும்’ சொல்லியிருப்பாள்! குழாய்க்கு ஒன்று, பிரசன்டேஷனுக்கு ஒன்று, நங்கூரத்துக்கு ஒன்று. எல்லாமே விளையாட்டு. அசடு என்று நினைத்தாளே தவிர, கெட்டவர் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. கூடவே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டு, கூடவே குழியும் வெட்டியிருக்கிறார். தொண்டைக்கு எதுவும் வரவில்லை. கண்ணுக்குத்தான் வந்தது. முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டாள்.

*

கடைசியாக நேர்முகம். சின்ன அறை. மேஜைக்கு அந்தப் பக்கம் கண்ணாடிக்காரம்மா மட்டும்.

"கப்பி சாய்ஞ்சிருந்தது. பார்த்தியா?"

"பார்த்தேன்."

"எப்போ?"

"அவர் மாட்டும்போதே."

"அப்புறம் ஏன் ‘ரொம்ப நல்லா இருக்கு’ன்னு சொன்னே?"

மாமா சொல்லிக் கொடுத்த பதில் ஒன்று இருந்தது. ‘குழுவின் ஒற்றுமைக்கு நான் முக்கியத்துவம் கொடுப்பவள்.’ நாக்கு நுனி வரை வந்தது. அந்த வாயிலிருந்து வந்த வார்த்தையா? திருகாணி அதை அங்கேயே விட்டுவிட்டாள்.

"யாரையும் மறுத்துப் பேசக் கூடாதுன்னு எங்க மாமா சொன்னார், மேடம்."

"மாமா லிஃப்ட் மெக்கானிக்கா?"

"இல்ல. ஜெராக்ஸ் மெஷின் விக்கிறவர்."

"ஜெராக்ஸ் மெஷின் விழுந்தா பேப்பர்தான் கிழியும்" என்றார் அந்த அம்மாள். "இங்க டப்பாவுக்குள்ள இருந்தது முட்டை. நாளைக்கு ஒரு தாயும் பிள்ளையும் இருப்பாங்க. அப்பவும் சிரிப்பியா?"

சுளீரென்று இருந்தது. திருகாணி தலையைக் குனிந்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"மாமா சொன்னார்ங்கிறது சாக்கு. தெரிஞ்சும் சொல்லாதது நான்தான். வாயைத் திறந்தா வேற ஒண்ணு வந்துடும்னு பயந்தேன். அதுல இதுவும் வராம போச்சு."

"வேற என்ன வரும்?"

"அது... வேண்டாம் மேடம்."

"பரவாயில்ல. நான்தான் அந்தப் பையன்னு வெச்சுக்கோ. இப்படி இருந்தா ஸ்டைலா இருக்கும்ங்கிறேன். சொல்லு."

இனிமேல் மறைக்க என்ன இருக்கிறது? திருகாணி மூச்சை இழுத்தாள். "ம்க்கும்!" தாடை தானாக வெட்டிக்கொண்டது. அதே மூச்சில், "கப்பி சாய்ஞ்சிருக்கு, கயிறு விளிம்புல ஏறுது, பாரம் வந்தா நழுவும். நிறுத்து, கழற்றி நேரா மாட்டு" என்றாள்.

போச்சு, பார்லர்தான் என்று நினைத்தாள். கண்ணாடிக்காரம்மா தலையிலிருந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார்.

"முதல்ல சொன்னதை விட்டுட்டு, ரெண்டாவதா சொன்னதை மட்டும் அங்க சொல்லியிருந்தா முட்டை பிழைச்சிருக்கும்" என்றார். "உங்க குழுவுல நெட்டையா இருந்த பொண்ணை எடுத்துக்கிட்டோம். மத்த இடமெல்லாம் நிரம்பிடுச்சு. ஒண்ணுதான் பாக்கி. அதுக்கு ரெண்டு பேர். நாளைக்குக் காலையில மறுபடி வா. ஒரே வேலையை ரெண்டு பேருக்கும் கொடுப்பேன்."

"இன்னொருத்தர் யாரு மேடம்?"

"டை கட்டினவன். அவன் கை வேலை மோசமில்ல. தப்பு பண்ணினான், ஆனா தப்போ சரியோ, வாயைத் திறந்தான்."

*

வெளியே வந்ததும் பெஞ்சிலிருந்து இரண்டு பேரும் ஒன்றாக எழுந்தார்கள்.

"என்னடி ஆச்சு? முகம் ஏன் இப்படி இருக்கு?" அம்மா தண்ணீர் பாட்டிலைத் திறந்து கையில் கொடுத்தாள்.

"நாளைக்குத் திரும்ப வரச் சொல்லியிருக்காங்க. ஒரு இடம், ரெண்டு பேர்."

"பார்த்தியாக்கா!" மாமா துள்ளினார். "என் ட்ரெய்னிங் வீண் போகுமா? ‘ம்க்கும்’ வரலியே? வந்துச்சா? குழுவுல வரலியே?"

"குழுவுல வரல மாமா."

"வரல?" ஒரு நொடிதான். ஒரே ஒரு நொடி மாமாவின் முகம் தொங்கியது. உடனே மூன்றாவது ‘ப’ வந்து தூக்கி நிறுத்தியது. "சபாஷ்! அந்தப் பையன் எப்படிப் பண்ணினான்?"

"எந்தப் பையன்?"

"அது... ரெண்டு பேர்னு சொன்னியே. பையனாத்தானே இருப்பான்? பொதுவாச் சொன்னேன்."

அம்மா இது எதையும் காதில் வாங்கவில்லை. மகள் இன்னும் தோற்கவில்லை என்பதிலேயே அவளுக்கு மனசு குளிர்ந்துபோயிருந்தது. அந்தக் குளிர்ச்சியில், வாழ்நாளில் செய்யாத காரியம் ஒன்றைச் செய்தாள். தம்பியின் தோளில் கை வைத்தாள்.

"என்ன இருந்தாலும் சொல்லணும்டா. மூணு நாளா உனக்கு ஆபீஸ் வேலை, வந்ததும் இவளுக்குப் பாடம். வாய் வலிக்கப் பேசினே. நான்தான் உன்னைக் கிள்ளுக்கீரையா நினைச்சுட்டேன்."

மாமா தலையைக் குனிந்துகொண்டார். அடக்கம் என்று அம்மா நினைத்திருப்பாள். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிறவர்களைப் பற்றி லாண்டரிக் கதை சொல்லும்போதெல்லாம் அம்மா காறித் துப்பாத குறையாகப் பேசுவாள். அந்த அம்மாவின் கை இப்போது யார் தோளில் இருக்கிறது!

திருகாணி தண்ணீரைக் குடித்தாள். சொல்லலாமா? சொன்னால் அம்மா தாங்குவாளா? அப்பா அம்மா இல்லாத பிள்ளை என்று இடுப்பில் தூக்கி வளர்த்தவள். இன்றைக்குத்தான் முதன்முதலாக நல்ல வார்த்தை சொல்லியிருக்கிறாள். விழுங்கிவிடலாம். சிரித்துவிடலாம். பென்சில்கூட வேண்டாம், அவ்வளவு பழகிவிட்டது.

விழுங்கினால் என்ன ஆகும் என்று காலையில்தான் பார்த்தாயிற்று. மேஜையெல்லாம் முட்டை.

கொட்டகையின் கதவு திறந்தது. நங்கூரம் வந்தான். தூரத்திலேயே மாமாவைப் பார்த்துவிட்டு, உற்சாகமாகக் கையைத் தூக்கினான். காற்றுக்கு டை அவன் மார்பிலிருந்து எழுந்து பறந்தது. மாமா சட்டென்று திரும்பி நின்றுகொண்டு, எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த புகை பிடிக்காதீர் அறிவிப்பை மும்முரமாகப் படிக்க ஆரம்பித்தார்.

தாடை வெட்டிக்கொள்ளப் பார்த்தது. திருகாணி அதைப் பிடித்து நிறுத்தினாள். முதலில் வருவதை விட்டுவிட்டு இரண்டாவதைச் சொன்னாள்.

"மாமா, உங்க டை வருது பாருங்க."

அம்மா திரும்பினாள். பையனைப் பார்த்தாள். மஞ்சள் நங்கூரங்களைப் பார்த்தாள். அவன் கிட்டே வரவர, நுனியில் தான் சுட்ட முக்கோணத்தையும் பார்த்தாள். அப்புறம் தம்பியின் மொட்டைக் கழுத்தை.

அவன் பக்கத்தில் வந்து, "சார், எல்லாம் நீங்க சொன்ன மாதிரியே பண்ணினேன். ஆனா இவங்க ‘ம்க்கும்’ சொல்லவே இல்ல சார்" என்றான்.

இன்றைய இன்டர்வியூ முடிந்துவிட்டது. மாமாவின் சட்டமும் அதோடு காலாவதி. இப்போது அம்மா சொல்லலாம். காலையிலிருந்து சேர்த்து வைத்தது அத்தனையும் ஒரேயடியாக வந்து இடி மாதிரி இறங்கும் என்று திருகாணி காத்திருந்தாள்.

வரவில்லை. அம்மாவின் தொண்டை அசையவே இல்லை. தம்பியின் தோளில் வைத்திருந்த கையை மெதுவாக எடுத்தாள்.

"எந்த லாண்டரிடா அது?" என்றாள்.